கடல் ஐஸில் பாதை வெட்டும் மெஷினை யார் செய்ய வேண்டும்?

ஐஸை மட்டமாக்கும் மெஷின் என்றால் ரொறன்ரோப் பிள்ளைகளான எங்களுக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான்: ஸம்போனி. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஹொக்கி பழகப் போனவர்களும், பழகாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் குளிரில் குந்தியிருந்தவர்களும், அது மெல்ல வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருக்கும் நீளக் கத்தி ஐஸின் மேற்பரப்பைச் சீவும். சீவிய தூளை மெஷின் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னால் சுடுதண்ணீர் மெல்லிய படலமாகப் படியும். கொஞ்ச நேரத்தில் முழுத் தரையும் கண்ணாடி போலாகிவிடும்.

இதே வேலையைக் கடலின் மேல் செய்யச் சொன்னால்?

இது வேடிக்கைக் கேள்வி இல்லை. நாங்கள் வாழும் இதே கனடாவில், எங்கள் பாஸ்போட்டிலேயே பெயர் இருக்கும் இதே நாட்டில், கடல் ஐஸ்தான் ரோடு என்று வாழும் ஊர்கள் இருக்கின்றன. அந்த ரோட்டில் ஆளுயரத்துக்கு ஐஸ் பாளங்கள் குத்திக்கொண்டு நிற்கும். அவற்றை வெட்டிப் பாதை செய்ய நல்ல மெஷின் வேண்டும். அது பொதுப் பணத்தில் வர வேண்டும். ஆனால் அதை வடிவமைக்கும் முதல் கை எங்களுடையதாக, அதாவது தெற்கே இருக்கும் பொறியியலாளர்களுடையதாக, இருக்கக் கூடாது. இதுதான் என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், அந்த ஐஸ் எப்படிக் கரடுமுரடாகிறது?

ஏரித் தண்ணீர் 0 பாகையில் உறையும். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் அது சுமார் -1.8 பாகை செல்சியஸில்தான் உறையத் தொடங்கும். இலையுதிர் காலத்தில் முதல் ஐஸ் மெல்லிய தகடாகப் பரவுகிறது. அந்த நேரம் பெரிய காற்று அடித்தால் தகடு உடையும். உடைந்த துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அலையும் வற்றுப்பெருக்கும் அவற்றை நெரிக்கும். பிறகு எல்லாம் சேர்ந்து அப்படியே உறைந்துவிடும். அந்த ஐஸ் வசந்தம் வரைக்கும் தடித்துக்கொண்டே போகும். கனடிய ஆர்க்டிக்கில் ஒரு குளிர்காலத்தில் உருவாகும் கடல் ஐஸ் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை தடிப்பாகும். தொடக்கத்தில் ஒரு புயல் செய்த குழப்பத்தோடுதான் அந்த ஊர் மிச்சக் குளிர்காலம் முழுவதும் வாழ வேண்டும்.

இரண்டு பெரிய ஐஸ் பரப்புகள் மோதும் இடத்தில் நீண்ட மேடு எழும்பும். நாங்கள் பார்ப்பது மேலே தெரியும் பகுதியை மட்டும். தண்ணீருக்குக் கீழே அந்த மேட்டின் வேர் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருக்கும். மேலே இரண்டு மீற்றர் தெரிந்தால், கீழே ஏறக்குறைய எட்டு மீற்றர் இருக்கலாம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இதில் யார் பயணம் செய்கிறார்கள்?

நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் ரோடு கிடையாது. விமானம் இருக்கிறது, டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும். கோடையில் கப்பல் வரும். மற்ற மாதங்களில் வேட்டைக்கு, மீன்பிடிக்கு, பக்கத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க, மக்கள் ஸ்னோமொபைலில் கடல் ஐஸின் மேல் போகிறார்கள். பின்னால் கமுட்டிக் என்ற சறுக்குவண்டி கட்டியிருக்கும். சீல், மீன், காரிபூ மான் எல்லாம் அதில்தான் வீட்டுக்கு வரும்.

இது பொழுதுபோக்கு இல்லை. 2007-2008இல் நுனாவுட்டில் நடந்த இனுவிட் சிறுவர் நலக் கணக்கெடுப்பில், பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்திய பிள்ளைகளில் கிட்டத்தட்ட 70 வீதமானோர் போதிய உணவு உறுதியில்லாத வீடுகளில் இருந்தார்கள். கடைச் சாமான் விலை அப்படி. அங்கே வேட்டை உணவு என்பது சாப்பாட்டுத் தட்டின் நடுவில் இருக்கும் சோறு மாதிரி. கரடுமுரடான ஐஸில் ஒரு மணித்தியாலப் பயணம் ஐந்து மணித்தியாலமாகலாம். பெற்றோல் கூடுதலாக எரியும். ஸ்னோமொபைலின் முன்சறுக்கு உடையும். பல கிலோமீற்றர் தள்ளி, -35 பாகையில் உடைந்தால், பழுது பார்ப்பதும் உயிர் பிழைப்பதும் ஒரே வேலைதான்.

அப்படியென்றால் பாதையை இப்போது எப்படி வெட்டுகிறார்கள்? கையால். எல்லைக்கு அப்பால், அலாஸ்காவின் வட முனையில், முன்பு பாரோ என்று சொன்ன உட்கியாக்விக் ஊரில், ஒவ்வொரு வசந்தத்திலும் திமிங்கில வேட்டைக் குழுக்கள் கரையிலிருந்து திறந்த தண்ணீர் வரை ஐஸில் பாதை வெட்டுகின்றன. பல கிலோமீற்றர். பிக்காசால் கொத்தி, மேடுகளை இடித்து, இடித்த துண்டுகளைப் பள்ளத்தில் போட்டு நிரப்பி, படகு ஏற்றிய சறுக்குவண்டி போகும் அளவுக்குச் சீர் செய்கிறார்கள். அலாஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வேட்டைக்காரர்களோடு சேர்ந்து இந்தப் பாதைகளை வரைபடமாக்கி, எந்தத் தடிப்பான ஐஸின் மேல் பாதை போகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

எங்கள் நடைபாதையும் அவர்கள் கடலும்

ரொறன்ரோவில் ஒரு பெரிய ஸ்னோ விழுந்து அடுத்த நாள் நடைபாதை வழிக்கப்படாவிட்டால் என்ன நடக்கும்? 2022 ஜனவரி 17ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் அரை மீற்றருக்கு மேல் ஸ்னோ. நகரம் முடங்கியது. பிறகு பல நாட்கள் எல்லோரும் நகரசபையைத் திட்டினார்கள். திட்டியது சரிதான். நடைபாதை வழிப்பது அரசின் கடமை, அதற்கு மெஷினும் ஆளும் பணமும் இருக்க வேண்டும் என்று நாங்கள் யோசிக்காமலே நம்புகிறோம்.

இதே நம்பிக்கை வடக்கே ஏன் நின்றுவிடுகிறது? அரசுக்கு ஐஸ் ரோடு போடத் தெரியாது என்று சொல்ல முடியாது. வடமேற்குப் பிரதேசத்தில் இனுவிக்கிலிருந்து துக்டோயக்டுக் வரைக்கும் சுமார் 187 கிலோமீற்றர் நீளத்துக்கு, மக்கென்ஸி ஆற்றின் மேலும் உறைந்த கடலின் மேலும், ஒவ்வொரு குளிர்காலமும் ஐஸ் ரோடு திறந்தார்கள். 2017இல் நிரந்தர ரோடு வந்த பிறகுதான் அதை மூடினார்கள். அந்த நிரந்தர ரோட்டுக்குச் சுமார் 300 மில்லியன் டொலர் செலவு. வைரச் சுரங்கங்களுக்காக யெலோநைஃப் பக்கத்தில் உறைந்த ஏரிகளின் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ரோடு ஆண்டுதோறும் போடப்படுகிறது.

லொறி போனால் அது ரோடு. சுரங்கத்துக்குப் போனால் அது உட்கட்டமைப்பு. ஒரு அம்மா தன் பிள்ளைக்குச் சீல் இறைச்சி கொண்டுவரப் போகும் பாதை மட்டும் ‘பாரம்பரிய வாழ்க்கைமுறை’. பெயரை மாற்றியவுடன் பட்ஜெட்டும் மாறிவிடுகிறது. எனக்கு இதில்தான் கோபம். கடல் ஐஸ் பாதையைப் பொது ரோடாகக் கணக்கில் எடுங்கள். அதை வெட்டுபவருக்குச் சம்பளம் கொடுங்கள். அவர் கேட்கும் மெஷினைச் செய்ய ஆராய்ச்சிப் பணம் கொடுங்கள்.

அப்படியானால் ஒரு புல்டோசரை அனுப்பினால் போதாதா?

இங்கேதான் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழி அச்சொட்டாகப் பொருந்துகிறது.

1956 ஜனவரி 6ஆம் திகதி, அந்தாட்டிக்காவின் மக்மேர்டோவில் அமெரிக்கக் கடற்படையினர் தளம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற சாரதி ஓட்டிய டி-8 டிராக்டர் கடல் ஐஸை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அவர் திரும்பி வரவில்லை. அங்கே பிறகு அமைந்த விமானத்தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்: வில்லியம்ஸ் ஃபீல்ட்.

ஐஸ் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்குக் கனடாவிலேயே பிறந்த ஒரு கணக்கு இருக்கிறது. ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் வேலை செய்த லோர்ன் கோல்ட் 1971இல் வெளியிட்டது. சுருக்கமாகச் சொன்னால், தாங்கும் பாரம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். தடிப்பு இரண்டு மடங்கானால் பாரம் நாலு மடங்கு. நல்ல செய்தி போலத் தெரியும். மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்: தடிப்பு பாதியாகும் இடத்தில் பலம் காலாகிவிடும். கடலின் கீழே நீரோட்டம் ஐஸைத் தின்னும் இடங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. கடல் ஐஸுக்குள் உப்புத் தண்ணீர் சின்னச் சின்னப் பைகளாக அடைபட்டிருக்கும். வெயில் ஏற ஏற அவை பெரிதாகும், ஐஸ் இளகும். அதனால் ஏரி ஐஸின் கணக்கைக் கடலுக்கு அப்படியே போட முடியாது.

இன்னும் இருக்கிறது. ஐஸ் மேல் ஓடும் வாகனம் கீழே தண்ணீரில் ஓர் அலையைக் கிளப்பும். வாகனத்தின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் ஐஸ் பிளக்கும். அதனால்தான் சுரங்க ஐஸ் ரோடுகளில் பாரம் ஏற்றிய லொறிகளை மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓட விடுவதில்லை. வழித்த ஸ்னோவைப் பாதையோரம் மலையாகக் குவித்தால் அந்தப் பாரமே ஐஸைக் கீழே அமத்தி வெடிக்க வைக்கும். ஆனால் ஸ்னோவை வழிக்காமல் விட்டால் அது போர்வை போல மூடி, ஐஸ் தடிப்பதைத் தடுக்கும். வழித்தாலும் வில்லங்கம், விட்டாலும் வில்லங்கம். எவ்வளவு வழிக்க வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்பதுதான் கைப்பக்குவம்.

இப்போது அந்த நாலு மடங்குக் கணக்குக்கு வருவோம். மேட்டின் தலையை ஒரு மெஷின் சீவிவிட்டது என்று வையுங்கள். மேலிருந்த பாரம் போய்விட்டது. மிதந்துகொண்டிருக்கும் வேர் மேலே எழும்பப் பார்க்கும். பக்கத்திலுள்ள மெல்லிய ஐஸ் வளையும், வெடிப்பு விழலாம். ஸம்போனிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அதன் கீழே சில சென்றிமீற்றர் ஐஸ், அதற்குக் கீழே கொங்கிறீட்.

கரடுமுரடுதான் நங்கூரம்

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சில மேடுகளின் வேர் கடலடியைத் தொட்டு ஊன்றி நிற்கும். கரையோர ஐஸ் முழுவதும் காற்றோடு பிய்த்துக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது இந்த ஊன்றிய மேடுகள்தான். வடக்கே வேட்டைக்காரர்கள் எங்கே முகாம் போடலாம் என்று முடிவெடுக்கும்போது இவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எங்கள் கண்ணுக்குத் தடையாகத் தெரிவது அவர்களுக்கு நங்கூரம்.

கரடுமுரடானதைத் தடை என்று நினைத்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது இலங்கைக் கரையில் எங்களுக்குத் தெரிந்த பாடம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, ஹிக்கடுவையில் பவளப்பாறை காக்கப்பட்டிருந்த இடத்தில் சேதம் குறைவாக இருந்தது. பக்கத்தில் பெரலியவில், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை உடைத்தெடுத்திருந்த கரையில், தண்ணீர் ஒரு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே பாய்ந்தது. ரயிலையே புரட்டியது அந்த இடத்தில்தான். பாறை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பாறையின் இடைவெளியூடாக அலை பலமாகப் பாய்ந்ததை ஆய்வாளர்கள் 2005இலேயே எழுதினார்கள்.

அதனால் ‘கடல் ஐஸை மட்டமாக்கும் மெஷின்’ என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. மைதானம் தேவையில்லை. ஒரு கமுட்டிக் போகும் அகலத்துக்கு, வளைந்து நெளிந்து, ஊன்றிய மேடுகளை விட்டு விலகிப் போகும் ஒற்றைப் பாதை போதும். வேலையின் பாதி வெட்டுவது. மற்றப் பாதி எங்கே வெட்டக் கூடாது என்று தெரிந்திருப்பது.

அந்தப் பாதி யாரிடம் இருக்கிறது?

இனுக்டிட்டுட் மொழியில் கடல் ஐஸ் என்றால் சிகு. கரையோடு ஒட்டி நிற்கும் ஐஸ் துவாக். அதன் விளிம்பு, திறந்த தண்ணீர் தொடங்கும் இடம், சினாக். நெருக்குண்டு எழும்பிய மேடுகள் இவுனீட். வெடிப்பு ஆயுராக். ஐஸின் பலத்தைக் குத்திப் பார்க்கும் ஈட்டிக்கும், துளையிடும் உளிக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. இந்தச் சொற்களை அழகுக்காக யாரும் வைத்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் ‘இங்கே போ’, ‘இங்கே நில்’, ‘இங்கே திரும்பு’ என்று சொல்கிறது.

இது எங்களுக்கு அந்நியமான அறிவு இல்லை. என் அப்பப்பா பருத்தித்துறையில் கடலுக்குப் போனவர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்கு நாலு பெயர் சொல்லுவார். பெயரைச் சொன்னாலே எந்த மாதம், எந்தப் பக்கம், வலை போடலாமா என்று அவருக்கு விளங்கிவிடும். வானிலை அறிக்கை கேட்கிறவர்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து முகத்தைக் காற்றுக்குக் காட்டிவிட்டுத்தான் முடிவு சொல்லுவார்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. உலகம் தமிழிடமிருந்து கட்டுமரம் என்ற சொல்லை வாங்கி ‘கட்டமரான்’ ஆக்கியது. இனுவிட்டிடமிருந்து ‘கயாக்’ வாங்கியது. படகின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அதற்குள் இருந்த பொறியியலைக் கவனித்தது குறைவு. கட்டுமரம் ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டப்படுகிறது. அலை உடையும் இடத்தில் மரங்கள் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும், இறுக்கினால் பிளந்துவிடும். கமுட்டிக்கும் அப்படித்தான். குறுக்குச் சட்டங்களை ஆணியால் அடிக்காமல், இரண்டு நீளச் சறுக்குக் கட்டைகளோடு கயிற்றால் கட்டுகிறார்கள். கரடுமுரடான ஐஸில் ஏறி இறங்கும்போது வண்டி வளைந்து கொடுக்கும். சூடான கடலில் ஒருவர், உறைந்த கடலில் ஒருவர், ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்.

மெஷின்கள் எங்கே பிறக்கின்றன?

ஐஸ் மெஷின்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். ஃபிராங்க் ஸம்போனி ஆய்வுகூடத்தில் இருந்தவர் இல்லை. கலிபோர்னியாவில் பாரமவுண்ட் என்ற ஊரில் சொந்தமாகச் சறுக்குத் திடல் நடத்தியவர். ஐஸை ஆள் வைத்துச் சீவிக் கழுவ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அந்த எரிச்சலில் பல ஆண்டுகள் உடைத்துப் பூட்டி, 1949இல் முதல் மெஷினை ஓட்டினார். இன்று அந்தக் கம்பனிக்கு எங்கள் ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்டிலும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

ஜோசப்-அர்மண்ட் பொம்பாடியே கியூபெக்கின் வல்கூர் ஊரில் மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயில் விழுந்தான். ரோடு ஸ்னோவில் மூடியிருந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்தது. அவர் 1937இல் ஸ்னோவில் ஓடும் சங்கிலிப் பட்டை வாகனத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ஸ்கீடூ வந்தது. இன்று வடக்கே எல்லோரும் ஓட்டும் ஸ்னோமொபைலின் கதை அந்த வீட்டில் தொடங்குகிறது.

இரண்டு பேரும் பிரச்சினையின் மேல் நின்றவர்கள். அதனால் மெஷின் சரியாக வந்தது. கடல் ஐஸில் நிற்பவர்கள் இனுவிட். அவர்களில் ஸ்னோமொபைல் எஞ்சினை வெறுங்கையால் கழற்றிப் பூட்டாத வேட்டைக்காரர் குறைவு. பிறகு அந்த மெஷினை நாங்கள் ஏன் இங்கே ஒரு கொம்பியூட்டர் திரையில் தொடங்க வேண்டும்?

சரியான வழிக்குக் கனடாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: ஸ்மார்ட்ஐஸ். 2009-2010 குளிர்காலம் லாப்ரடோர் கரையில் வழமைக்கு மாறாகச் சூடாக இருந்தது. நெய்ன் ஊரில் கேட்டபோது, கிட்டத்தட்ட பன்னிரண்டு பேரில் ஒருவர் அந்த ஆண்டு ஐஸ் உடைந்து விழுந்ததாகச் சொன்னார்கள். நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டிரெவர் பெல் அந்த மக்களோடு சேர்ந்து வேலை தொடங்கினார். ஸ்னோமொபைலுக்குப் பின்னால் இழுக்கும் கமுட்டிக்கில் ஐஸின் தடிப்பை அளக்கும் மின்காந்தக் கருவியைப் பொருத்தினார்கள். அதை ஓட்டுபவர்கள் ஊரிலேயே பயிற்சி பெற்ற இனுவிட். பொண்ட் இன்லெட் ஊரில் சிகுமியுட் என்ற உள்ளூர்க் குழுதான் எங்கே அளப்பது, எப்படி வரைபடமாக்குவது என்று முடிவெடுத்தது. 2016இல் இந்த முயற்சிக்கு ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசு கிடைத்தது. கருவி புதுசு, ஆனால் ஓடுவது பழைய சறுக்குவண்டியில், பழைய பாதையில். பாதை வெட்டும் மெஷினும் இந்த வண்டிக்குப் பின்னால்தான் வர வேண்டும்: முன்னால் தடிப்பு அளக்கும் கருவி, பின்னால் பல் வைத்த உருளை. பாரம் குறைவு, பாரத்தைப் பரப்பும் அகலச் சறுக்கு. முடிந்தால் ஆள் மேலே ஏறாமல் தள்ளி நின்று இயக்கும் வசதி. ஸ்னோமொபைலின் உதிரிப்பாகங்களே அதற்கும் பொருந்த வேண்டும். கையுறை போட்ட கையால் கழற்றிப் பூட்ட முடிய வேண்டும். இது என் கற்பனைப் பட்டியல். ஊர்க்காரர் ‘இது வேண்டாம், நல்ல சங்கிலி வாளும் இரண்டு ஆளுக்குச் சம்பளமும் போதும்’ என்று சொன்னால், அதுவும் சரியான பொறியியல் விடைதான்.

நீங்கள் கேட்கப்போகும் இரண்டு கேள்விகள்

‘ஐஸே உருகிக்கொண்டிருக்கும்போது இதற்கு ஏன் செலவு?’ ஐஸ் இன்னும் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. பிந்தி வருகிறது, முந்திப் போகிறது. பயணம் செய்யக்கூடிய நாட்கள் சுருங்கினால், கையால் பாதை வெட்டப் போகும் ஒவ்வொரு நாளும் முன்னைவிட விலை கூடிய நாள். காலநிலை மாற்றத்துக்கு மிகக் குறைவாகக் காரணமானவர்களிடம் போய், ‘உங்கள் ரோடு அழியப் போகிறது, அதனால் திருத்த மாட்டோம்’ என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

‘பாதை திறந்தால் சுரங்கக்காரர் வந்துவிட மாட்டார்களா?’ நல்ல கேள்வி. பஃபின் தீவின் மேரி ரிவர் இரும்புச் சுரங்கம் உற்பத்தியை இரட்டிப்பாக்கக் கேட்டபோது, பொண்ட் இன்லெட் மக்கள் கப்பல்களையும் நார்வால் திமிங்கிலங்களையும் பற்றிப் பேசினார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தை மறுத்தது. அதனால்தான் மெஷினின் சாவி ஊர்ச் சபையிடமும் வேட்டைக்காரர் சங்கத்திடமும் இருக்க வேண்டும் என்கிறேன். எங்கள் அம்மா அப்பாவுக்கு, ‘உங்களுக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும்’ என்று மேலிருந்து சொன்னவர்களை நன்றாகத் தெரியும். அந்த வசனத்தை நாங்கள் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது.

எங்களுக்கு இதில் என்ன வேலை?

எங்களில் எத்தனை பேர் வாட்டர்லூவிலும் யோர்க்கிலும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் படிக்கிறோம் என்று ஒரு குடும்பக் கொண்டாட்டத்துக்குப் போனால் தெரியும். இறுதி ஆண்டில் எல்லோரும் ஒரு வடிவமைப்புத் திட்டம் தேடுவார்கள். குளிரில் உடையாத பல், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சென்சார், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காத சங்கிலி: இவையெல்லாம் தெற்கே செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலைகள். ஆனால் தலைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு ஊர்க்காரருக்கு எழுதாதீர்கள். தலைப்பைத் தேர்ந்தெடுக்க முன்பு எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்காகலாம், வேட்டைக் காலமென்றால் இன்னும் பிந்தும். காத்திருங்கள்.

பொறியியல் படிக்காதவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த தேர்தலில் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் எங்கள் தெரு ஸ்னோவைப் பற்றிக் கேட்ட பிறகு இன்னும் ஒன்று கேளுங்கள்: நுனாவுட்டின் கடல் ஐஸ் பாதை உங்கள் கணக்கில் ரோடா, இல்லையா? பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார். பரவாயில்லை. இரண்டாவது வீட்டிலும் மூன்றாவது வீட்டிலும் அதே கேள்வி வந்தால், நாலாவது வீட்டுக்கு வர முன்பு யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வருவார்.